கிராணி அரிசி

மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சின்ன மேடு உண்டு. இப்போது அதன் மேல், ரயில்வேக்காரர்கள் பழைய கட்டைகளையும் கிழிந்த தார்ப்பாய்களையும் போட்டு வைக்கும் கிடங்கு இருக்கிறது. இருபது வருஷங்களுக்கு முன்பு இந்தக் கிடங்குதான் மனித குலத்தை ஒரு நோயிலிருந்து காப்பாற்றப் போவதாக இருந்தது. வாசலில் பித்தளைப் பலகையில் நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று பொறித்திருந்தது. ஊர்க்காரர்கள் அதைப் படிக்க மெனக்கெடவில்லை. குரங்கு பங்களா என்றார்கள். அங்கே குரங்குகள் இருந்தன, ஒரு பங்களாவும் இருந்தது. அதற்கு மேல் அங்கே இருந்ததாகச் சொல்லப்பட்ட எதையும் யாரும் கண்ணால் கண்டதில்லை.

நோயின் பெயர் பெரிபெரி. ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் கால் வீங்கி, மூச்சு முட்டி, கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்த காலம். ஆலையில் தீட்டிய வெள்ளரிசியை மட்டுமே தின்பதுதான் காரணம் என்று சில டாக்டர்கள் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அரிசி ஆலை முதலாளிகளுக்கு இந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து நன்கொடை போட்டு, வெள்ளரிசி குற்றமற்றது என்று காட்டக்கூடிய டாக்டர் ஒருவரைத் தேடினார்கள். இப்படிப்பட்ட தேடல்கள் வீண்போவதில்லை. பென்ரித் துரை கப்பலேறி வந்தார்.

அழுக்குத் தரையில் ஒரு கிருமி இருக்கிறது, அது வெறுங்காலில் ஏறுகிறது, அதுவே பெரிபெரி என்பது துரையின் கட்சி. அந்தக் கிருமியை அவரும் பார்த்ததில்லை. பார்க்காததைப் பற்றி மூன்று கட்டுரைகள் எழுதியிருந்தார். நான்காவதற்காக மேட்டில் இரண்டு கொட்டகைகள் போடப்பட்டன. இரண்டுக்கும் சிமெண்டுத் தரை. தினமும் கிருமி கொல்லும் கார்பாலிக் ஊற்றிக் கழுவ வேண்டும். ரவாங் காட்டில் பிடித்த குரங்குகள் பிரம்புக் கூடைகளில், ரயிலின் கடைசிப் பெட்டியில், கத்திக்கொண்டு வந்து சேர்ந்தன. முதல் கொட்டகைக் குரங்குகளுக்கு வெள்ளரிசிச் சோறு மட்டும். இரண்டாவது கொட்டகைக்குப் புழுங்கலரிசிச் சோறு மட்டும். தரை சுத்தமாக இருக்கும்வரை எந்தச் சோறு தின்றாலும் ஒன்றும் ஆகாது என்று இதன் மூலம் உலகத்துக்குத் தெரியவரும்.

குரங்குகளோடு அதே ரயிலில் நாகையாவும் வந்தான். ரவாங் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தவன். குரங்கு பிடிக்கக் கூடை கட்டித் தந்தவன் என்பதால் அவற்றைப் பார்த்துக்கொள்ளவும் அவனையே வைத்துக்கொண்டார்கள். மேட்டின் அடிவாரத்தில் ஒரு பலகை வீடு கிடைத்தது. மாதாமாதம் புழுங்கலரிசியும் கிடைத்தது. மனைவி இராஜம்மா இரண்டு செப்புப் பானைகளில் குரங்குகளுக்குச் சோறாக்கினாள். நாகையா தன்னை "லபோரட்டரி மண்டோர்" என்று சொல்லிக்கொண்டான். மண்டோர் என்றால் பத்துப் பேரை மேய்க்கிற கங்காணி. இவன் மேய்த்தவர்கள் எல்லோருக்கும் வால் இருந்தது. கள்ளுக்கடையில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை.

ஒரே மகள் தங்கமணி. அவளுக்குக் கிள்ளானிலிருந்து வரன் வந்தபோது நாகையாவுக்குத் தலைகால் புரியவில்லை. பையன் தபால் ஆபீசில் இருந்தான். தகப்பன் தம்புசாமி ரயில்வே சரக்குக் கிடங்கில் கிராணி, அதாவது குமாஸ்தா. கறுப்புக் கோட்டு, குடை, மடித்த ஆங்கிலப் பத்திரிகை ஆகியவற்றோடு நடமாடுகிற மனிதர். அவர் மனைவி புஷ்பவல்லி பெண் பார்க்க வந்த அன்று பலகாரம் தின்றாள். பெண்ணை எழுந்து நடக்கச் சொன்னாள். பிறகு அடுப்பங்கரைப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள்.

"என்னம்மா வாசம் இது? இன்னும் கூலி அரிசிதான் பொங்குறீங்களா?"

"மாசா மாசம் வர்ற அரிசிங்க" என்றாள் இராஜம்மா.

"நாங்க அதைத் தொடறதில்ல. எங்க வீட்டுல ஆலை அரிசிதான். பொண்ணுக்கு இப்பவே பழக்கிடுங்க. அப்புறம் எங்க சோறு எறங்கலன்னு சொல்லக் கூடாது பாருங்க."

மலாய் நாட்டுத் தமிழர்களிடம் அந்தக் காலத்தில் இப்படி ஒரு அரிசி வருணாசிரமம் இருந்தது. புழுங்கல் கூலி அரிசி. அந்த வாசனை தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தின் வாசனை. மல்லிகைப் பூப்போல உதிர்கிற வெள்ளரிசி கிராணி அரிசி. தோட்டத்தை விட்டு ஓடிவந்தவர்கள் முதலில் கோவணத்தை விட்டார்கள், அடுத்ததாகப் புழுங்கலை விட்டார்கள்.

இராஜம்மா மறுநாள் மேட்டுக்குப் போனாள். முதல் கொட்டகைக்கென்று ஆலைக்காரர்கள் அனுப்பிய மூட்டையைப் பிரித்தாள். கையில் அள்ளினால் கண்ணாடி மணிபோல அரிசி.

"கொரங்கு கிராணி அரிசி தின்னும், கிராணி வூட்டுக்குப் போற பொண்ணு கூலி அரிசி திங்கணுமா? நல்லாயிருக்கு நாயம்" என்று புருஷனிடம் கேட்டாள்.

நாகையாவுக்கு அது நியாயமாகவே பட்டது. அன்று முதல் வீட்டுக்கு வந்த புழுங்கல் முதல் கொட்டகைப் பானைக்குப் போயிற்று. குரங்குக்கு வந்த வெள்ளரிசி வீட்டு உலைக்கு வந்தது. வெந்த பிறகு துரைக்கு எல்லாம் ஒரே சோறுதான். வாசனை கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் துரையின் மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் கபிரியேல். துரைக்கு மொழிபெயர்ப்பும் அவர்தான். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டே கொட்டகைக்குள் வருவது அவர் வழக்கம். வாங்கும் சம்பளத்துக்கு மூக்கும் வேலை செய்ய வேண்டியதில்லை என்று நினைத்திருக்கலாம்.

குரங்குகள் கொழுத்தன. கம்பியில் ஏறி, ஒன்றையொன்று அடித்து, குட்டி போட்டு, குரங்குகள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தன. துரை தினமும் காலை ஆகாரத்துக்குப் பிறகு வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் நாகையாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவன் சாயங்காலம் கள் குடித்தான். இராஜம்மாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் அவள் குரங்குப் பானையிலேயே ஒரு கை அள்ளித் தின்றுவிடுவாள். கள்ளிலும் புழுங்கலிலும் என்ன சத்து இருக்கிறது என்று இன்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்கள். தங்கமணிக்கு மட்டும் இரண்டும் இல்லை. நிச்சயம் பேசிய பெண் வாசல் தாண்டக் கூடாது என்று வீட்டுக்குள் உட்கார வைத்திருந்தார்கள். வெள்ளைச் சோறு, ரசம், ஒரு துண்டு எலுமிச்சங்காய் ஊறுகாய். கிராணி வீட்டு மருமகளாவதற்கான பயிற்சி அவ்வளவுதான்.

ஒரு காலையில் அவள் வாசல் தெளிக்க எழவில்லை.

"ஏந்திரிடி, வெயில் வந்துருச்சு."

"காலு ஏந்திரிக்க மாட்டேங்குது அம்மா. வேற யாரோட காலோ மாதிரி கனமா கெடக்கு."

பக்கத்து வீட்டு வீரம்மா வந்து பார்த்தாள். சாலை போடும் இலாகாவில் கல் உடைப்பவள். அவள் நாக்கும் அதே வேலையைச் செய்யும். தங்கமணியின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"புட்டு மாவுல அமுக்குன மாதிரி இருக்கு பாரு ராஜம்மா. சீனனுக்கு வருமே, அந்த பிரி பிரியா இருக்குமோ?"

"பிரி பிரியா? மலாய்க்காரங்க ஆட்டைத்தானே அப்படிச் சொல்வாங்க?"

"ஆடோ மாடோ. பேரைக் கேட்டாலே பொண்ணையும் மாப்புள்ளையையும் பிரிக்கிற நோவு மாதிரி இருக்குல்ல?"

"ஒன் வாயில மண்ணு விழ" என்றாள் இராஜம்மா. ஆனால் கண் கலங்கிவிட்டது.

நாகையா இருவரையும் அதட்டினான். "அது சீனனுக்கு வர்ற நோவு. நம்ம ஆளுக்கு வராது. வந்தாலும் அரிசியால வராது. துரையே சொல்லியிருக்காரு. தரைதான் காரணம்."

"தரையில நானுந்தான் நடக்குறேன், எனக்கு வரலியே லா" என்றாள் வீரம்மா.

"ஒனக்கு நோவு வந்தா நோவுக்குத்தான் கஷ்டம்."

வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. தங்கமணி கூஜாவைத் தூக்கும்போது விரல்கள் நழுவின. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கினாள். குரங்குகளைக் கூண்டில் வைத்த பாவம் என்று இராஜம்மா ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்துகொண்டாள். விஷயம் கபிரியேல் வழியாகத் துரையின் காதுக்குப் போயிற்று.

துரை மகிழ்ச்சியோடு வந்தார். இதைவிட நாகரிகமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பெண்ணின் காலை ஒரு தடவை பார்த்தார். மண் தரையை நீண்ட நேரம் பார்த்தார். மேலே சிமெண்டுத் தரையில் குரங்குகள் வெள்ளரிசி தின்று துள்ளுகின்றன. கீழே மண் தரையில் ஒரு பெண் வீங்கிக் கிடக்கிறாள். கடவுளே வந்து கட்டுரை எழுதிக் கொடுத்தாலும் இவ்வளவு பொருத்தமாக இருக்காது. பாய் தலையணைகளை எரித்தார்கள். தரையைக் கொத்திக் கார்பாலிக் ஊற்றினார்கள். இராஜம்மா சீதனமாக வைத்திருந்த கோரைப்பாயும் நெருப்புக்குப் போயிற்று.

போகும்போது கபிரியேல் துரையின் உத்தரவைச் சொன்னார்.

"திங்கக்கெழமை பொண்ணை மேல கொண்டாந்துடணும் நாகையா. மொதக் கொட்டாயை ஒட்டி ஒரு அறை சுத்தம் பண்ணச் சொல்லியிருக்காரு. சிமெண்டுத் தரை. வெள்ளரிசிச் சோறும் உப்புத் தண்ணியும் மட்டுந்தான். வேற ஒண்ணும் குடுக்கக் கூடாது. வெள்ளரிசி தின்னுக்கிட்டே குணமாயிட்டான்னா தரைதான் காரணம்னு ருசுவாயிடும்."

"குணமாகலன்னா?" என்று இராஜம்மா கேட்டாள்.

கபிரியேல் கைக்குட்டையை மடித்தார். "அதைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை கொட்டியது. கார்பாலிக் நாற்றம் ஈரத்தில் எழும்பி வீட்டுக்குள் நின்றது. வீரம்மா தன் வீட்டுப் பாயைக் கொண்டுவந்து தங்கமணிக்குப் போட்டிருந்தாள். இராஜம்மா முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாகையா கள்ளுக்கடையிலிருந்து நனைந்து வந்தான். தைரியம் வந்திருந்தது.

"ஒண்ணும் பயப்படாத புள்ளே. என்ன குடுக்கப் போறாங்க? வெள்ளரிசிதானே? நல்ல அரிசி. நம்ம கொரங்குங்களைப் பாரு, அதைத் தின்னுட்டு எப்படிக் குதிக்குதுங்க."

இராஜம்மாவின் கை முறத்தில் நின்றது.

"எதைத் தின்னுட்டு?"

"வெள்ளரிசியை."

"எந்தக் கொரங்கு?"

"மொதக் கொட்டாய்க் கொரங்குதான். என்னா கேள்வி இது?"

"அதுங்க எப்பங்க வெள்ளரிசி தின்னுச்சு?" இராஜம்மா முறத்தை அவன் முன்னால் நகர்த்தினாள். "வெள்ளரிசி இங்கல்ல இருக்கு."

நாகையா முறத்தைப் பார்த்தான். தினமும் காலையில் "மொதக் கொட்டாய், வெள்ளரிசி, எல்லாம் சொகம்" என்று துரையிடம் ஒப்பித்து ஒப்பித்து, மாற்றி வைத்தவன் தான்தான் என்பதை அவன் உண்மையாகவே மறந்துபோயிருந்தான். பொய்யைச் சொல்கிறவர்கள் முதலில் ஏமாற்றுவது துரையை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வீரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியலடி ராஜம்மா. கொரங்கு திங்க வேண்டியதைப் பொண்ணு தின்னிருக்கா."

"துரைக்கிட்ட சொல்லுங்க" என்றாள் இராஜம்மா. "மேலயும் போயி அதையே குடுத்தாங்கன்னா இவ பொழைக்க மாட்டா."

"சொன்னா வேலை போயிரும். வூடு போயிரும். கிள்ளான்காரங்க காதுல விழுந்தா? கொரங்குச் சோத்தைத் திருடித் தின்னவன்னு பேராயிடும்."

"பேரு இருக்கட்டும். பொண்ணு வேணுமா வேணாமா?"

"கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்னு சொல்றேன்."

சுவரில் சாய்ந்திருந்த தங்கமணி அப்போதுதான் பேசினாள். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது. "பொறுக்கலாம்பா. நீங்க அந்தச் சோத்தைத் தின்னுக்கிட்டு பொறுங்க. நான் மண்டோரா இருக்கேன்."

வீரம்மா சிரித்துவிட்டாள். நாகையா தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கினான்.

பங்களா வராந்தாவில் துரை சாய்வு நாற்காலியில் இருந்தார். நாகையா தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, படியில் நின்று, எல்லாவற்றையும் சொன்னான். கபிரியேல் பாதியில் ஒரு தடவை, "நெசமாவா?" என்று தமிழில் கேட்டார். பிறகு ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த மட்டில் அவர் யோக்கியர்.

துரை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஏன் மாற்றினாய்?

"கிராணி வூட்டுச் சம்பந்தம் தொரே. அவங்க வெள்ளரிசி திங்கிறவங்க. கூலி அரிசின்னா கௌரவக் கொறைச்சல்."

கபிரியேல் இதை விளக்கச் சிறிது நேரமானது. துரை கேட்டுவிட்டுச் சிரித்தார். அரிசியில் என்ன உயர்வு தாழ்வு? இரண்டும் அரிசிதானே? சாயங்காலம் கிளப்பில் எந்த உத்தியோகத்துக்காரர் எந்த நாற்காலியில் உட்காரலாம், யார் பக்கத்து மேசையில் சீட்டாடக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஒரு கூலிக்குச் சோற்றில் கௌரவம் இருக்கக்கூடும் என்பதை மட்டும் அவரால் நம்ப முடியவில்லை. நம்பாமல் இருப்பதில் அவருக்கு வசதியும் இருந்தது. கட்டுரையின் முதல் பாகம் ஏற்கெனவே கப்பலேறிவிட்டது.

கபிரியேல் படியிறங்கி வந்தார்.

"சொல்லிட்டேன் அண்ணே. நம்ப மாட்டேங்குறாரு. பாயை எரிச்ச கோவத்துல நீ கதை கட்டுறியாம்."

"வேலை?"

"வேலையா? வேலை இருக்கு. நாளைக்கு எட்டு மணிக்குப் பொண்ணைத் தூக்கியாரச் சொன்னாரு."

வேலை போய்விடும் என்ற பயத்தில் மகளைக் கொல்லப் பார்த்த மனிதனுக்கு, உண்மையைச் சொன்ன பிறகும் வேலை போகவில்லை. இந்தச் சங்கதியை அவன் கள்ளுக்கடையில் கடைசிவரை சொன்னதில்லை.

காலையில் தங்கமணியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து மூங்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். அறைக்கும் முதல் கொட்டகைக்கும் நடுவில் கம்பி வலைதான். குரங்குகள் வலையைப் பிடித்துக்கொண்டு புதிய ஆளைப் பார்த்தன. வாசலில் காவல் போட்டார்கள். சோற்றைச் சமைப்பது யார் என்பதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அது எப்போதும்போல இராஜம்மாதான்.

அன்று அவள் பானைகளை மாற்றினாள். புழுங்கல் மகளுக்குப் போயிற்று. சோற்றுக்கு அடியில் அவித்த பச்சைப்பயறும் இருந்தது. அது வீரம்மாவின் யோசனை. கால் வீங்கின சீனர்களுக்குச் சுரங்கத்தில் பயறு அவித்துக் கொடுப்பதை அவள் பார்த்திருக்கிறாள். ஆலைக்காரர்களின் வெள்ளரிசி, அது யாருக்கென்று வந்ததோ அவர்களுக்கே போயிற்று. கம்பி வழியாகச் சோறு வைக்கும்போது குட்டியோடு இருந்த பெண் குரங்கு எப்போதும்போல இராஜம்மாவின் வளையலைப் பிடித்து இழுத்தது. அவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"அதுங்க காலும் வீங்குமாம்மா?" என்று தங்கமணி வலைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"நீ சாப்பிடு."

தங்கமணியின் வீக்கம் சில நாளிலேயே வடியத் தொடங்கியது. மாதம் முடிவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். துரை புகைப்படக்காரனை வரவழைத்தார். பெண் வீட்டுக்குத் திரும்பிய சில வாரங்களில் முதல் கொட்டகையில் குரங்குகள் கம்பியில் ஏறுவதை நிறுத்தின. பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டன. அந்தப் பெண் குரங்கு ஒரு மழை நாளில் குட்டியைக் கட்டிக்கொண்டே செத்துக் கிடந்தது. நாகையா அதைப் புதைக்கும்போது இராஜம்மா கிட்டவே போகவில்லை. வடைமாலையை மட்டும் இரண்டாகச் செய்துபோட்டாள்.

நோயாளிப் பெண்ணின் மூலமாகக் கிருமி பக்கத்துக் கொட்டகைக்குள் புகுந்துவிட்டது, தள்ளி இருந்த இரண்டாவது கொட்டகை தப்பித்தது என்று துரை எழுதினார். கட்டுரையின் இரண்டாம் பாகம் முதல் பாகத்தைவிட நன்றாக அமைந்ததாகச் சொன்னார்கள். ஆலை முதலாளிகள் விருந்து வைத்தார்கள். முதல் கொட்டகைக் குரங்குகள் தீர்ந்ததும் நன்கொடையும் நின்றது. துரை வேறொரு நாட்டுக்கு வேறொரு கிருமியைத் தேடிப் போனார். பித்தளைப் பலகையைக் கபிரியேல் கழற்றிக்கொண்டு போய் வீட்டில் முறுக்குச் சுற்ற வைத்திருந்ததாகக் கேள்வி.

மேட்டில் கொட்டகைகளைப் பிரிப்பதற்குச் சற்று முன்பு, கிள்ளான்காரர்கள் தேதி குறிக்க வந்தார்கள். பெண்ணுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. நாகையா விருந்துக்கு வெள்ளரிசி கடன் வாங்கி வைத்திருந்தான். அடுப்படியில் இருந்தவள் தங்கமணி. அவள் புழுங்கலைப் பொங்கினாள்.

தம்புசாமி கிராணி இலை முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார். புஷ்பவல்லிக்குச் சப்பணமிட முடியவில்லை. சுவரைப் பிடித்து உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொண்டாள். வெள்ளிக் காப்பு கணுக்காலில் புதைந்து கிடந்தது. சோறு விழுந்ததும் கிராணி மூக்கைச் சுருக்கினார்.

"என்ன நாகையா, இன்னும் கூலி அரிசிதானா? நீர் டாக்டர் துரைக்கிட்ட வேலை பார்த்த மனுஷன். அவர் எழுதினது பத்திரிகையில வந்துச்சே, படிக்கச் சொல்லிக் கேட்கலியா?" மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்றைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தார். அதைப் பல மாதங்களாக வைத்திருந்தார்போலும், மடிப்பு கிழிந்திருந்தது. "வெள்ளரிசி ஒரு குத்தமும் பண்ணாது. ஒரு கூலிப் பொண்ணு சாகக் கெடந்தாளாம். சுத்தமான தரையில வச்சு வெறும் வெள்ளரிசிச் சோறா குடுத்தே பொழைக்க வச்சிருக்காரு. இவளுக்குக் கூடக் கொஞ்ச நாளா காலு கனக்குது. வீட்டுத் தரைக்கு சிமெண்டு போடச் சொல்லியிருக்கேன்."

நாகையா குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். இராஜம்மா வாசலைப் பார்த்தாள்.

தங்கமணி புஷ்பவல்லியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த வீங்கின கணுக்காலில் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தி எடுத்தாள். குழி நின்றது.

"என்னடி பண்றே?" என்றாள் புஷ்பவல்லி, காலை இழுக்க முடியாமல்.

"எனக்கும் இப்படித்தான் குழி விழுந்துச்சு அத்தே. அந்தப் பேப்பர்ல இருக்குற பொண்ணு நான்தான்." இலையில் இருந்த சோற்றைக் காட்டினாள். "அங்க நான் தின்னது இந்தச் சோறு. அம்மாதான் பானையை மாத்திக் குடுத்தாங்க. வெள்ளரிசி தின்னுதான் காலே வீங்குச்சு. நீங்களும் இதைத் தின்னுங்க, எறங்கிரும்."

புஷ்பவல்லி சோற்றைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவள் கை இலைப்பக்கம் கொஞ்சம் நகர்ந்ததாகத்தான் அன்று பரிமாற வந்திருந்த வீரம்மா பிற்பாடு சொன்னாள்.

கிராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகைத் துண்டை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை படித்தார். பிறகு அதைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார்.

"இதுல அப்படிப் போடலையே" என்றார். தன் இலையை மூடினார். கை நீட்டி மனைவியின் இலையையும் மூடினார்.